இரண்டாம் பாகத்தை எதைக் கொண்டு அளக்கிறீர்கள்? தமிழ்த் திரைவிமர்சகர்களுக்கு ஒரு திறந்த மடல்

சென்னையிலிருந்து தமிழில் திரைவிமர்சனம் எழுதியும் பேசியும் வரும் அனைவருக்கும்,

வணக்கம்.

சூப்பர் ஹீரோ படம் ஒன்றின் இரண்டாம் பாகமோ மூன்றாம் பாகமோ வெளியாகும் ஒவ்வொரு முறையும், முதல் காட்சி முடிந்த சில மணி நேரத்துக்குள் உங்கள் தீர்ப்பு எங்களை வந்தடைந்துவிடுகிறது. குடும்பத்தோடு போகலாமா, பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று முடிவு செய்ய என்னைப் போன்ற பலரும் அந்தத் தீர்ப்பையே நம்பியிருக்கிறோம். அந்த நம்பிக்கையின் பேரில்தான் இந்த மடலை எழுதுகிறேன். படம் எதிர்பார்ப்பைப் பூர்த்தி செய்யவில்லை, முதல் பாகம் அளவுக்கு இல்லை என்று நீங்கள் எழுதும்போது, அந்த எதிர்பார்ப்பு யாருடையது, எங்கிருந்து வந்தது, முதல் பாகத்தின் எந்த அம்சத்தோடு ஒப்பிடுகிறீர்கள் என்பவை பெரும்பாலும் சொல்லப்படுவதில்லை. ஒரு தொடர்ச்சிப் படத்தை, அதற்கு முந்தைய படம் தன் கதைக்குள் விட்டுச்சென்ற கேள்வியைக் கொண்டு அளந்து பாருங்கள் என்பதே என் வேண்டுகோள்.

இந்த அளவுகோலை நான் வலியுறுத்துவதற்குத் தமிழ்ப் பார்வையாளர்களின் நிலையே முதற்காரணம். அமெரிக்க ரசிகர் ஒருவர் பேட்மேனையும் ஸ்பைடர்மேனையும் சிறுவயதிலிருந்தே காமிக்ஸ் புத்தகங்களில் படித்துவிட்டுத் திரையரங்குக்கு வருகிறார். நம்மில் ஒரு தலைமுறை படக்கதை வாசித்து வளர்ந்தது உண்மைதான் என்றாலும், முத்து காமிக்ஸ் வழியாக அவர்களுக்கு நெருக்கமானவர் பிரிட்டனிலிருந்து வந்த இரும்புக்கை மாயாவி. அயர்ன் மேனோ தோரோ இங்கே பெரும்பாலோருக்கு அறிமுகமானது திரைப்படத்தின் வழியாகத்தான். ஆகவே, மூலக் காமிக்ஸில் இப்படி இல்லை என்ற குறையை வெளிநாட்டு விமர்சனங்களிலிருந்து எடுத்துத் தமிழில் எழுதும்போது, இங்குள்ள வாசகருக்கு இல்லாத ஓர் ஏமாற்றத்தை அவர்மீது ஏற்றிவிடுகிறீர்கள். முந்தைய படம் என்ன சொன்னது, இந்தப் படம் அதை எங்கே கொண்டுபோயிற்று என்பதே அவர் உங்களிடமிருந்து அறிய விரும்புவது.

முன்னோட்டக் காட்சிகள் கிளப்பிவிடும் ஆவலையும் இப்படியே விலக்கி வைக்க வேண்டும். முன்னோட்டம் விற்பனைக்காகத் தொகுக்கப்படுவது. அதில் காட்டிய பிரம்மாண்டம் படத்தில் இல்லை என்றால் அது விளம்பரம் செய்தவர்கள்மீதான புகார். கதையின்மீதான விமர்சனம் ஆகாது.

என் அளவுகோல் எப்படிப் பயன்படும் என்பதற்கு சாம் ரெய்மி இயக்கிய மூன்று ஸ்பைடர்மேன் படங்களைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரிந்து இல்லை. 2002-இல் வந்த முதல் படத்தின் முடிவில், தான் சிறுவயது முதல் நேசித்த பெண் தன் காதலைச் சொல்லியும், பீட்டர் பார்க்கர் நட்பை மட்டுமே தர முடியும் என்று சொல்லி விலகிச் செல்கிறான். தன்னை நெருங்குபவர்களுக்கு ஆபத்து நேரும் என்ற அச்சமே அதற்குக் காரணம். கடமைக்காக ஒருவன் தன் வாழ்வைத் துறந்தால், அந்தத் துறவு எத்தனை நாள் தாங்கும் என்ற கேள்வியோடு அந்தப் படம் நின்றுவிடுகிறது. 2004-இல் வந்த இரண்டாம் பாகம் அந்தக் கேள்வியை எடுத்த எடுப்பிலேயே கையில் எடுக்கிறது. பீட்சா கொண்டுசேர்க்கும் வேலை போகிறது. வாடகை பாக்கி நிற்கிறது. கல்லூரிப் பேராசிரியர் கண்டிக்கிறார். வருகிறேன் என்று வாக்களித்த நாடகத்துக்கு அவனால் நேரத்துக்குப் போய்ச்சேர முடியவில்லை. கடைசியில் அவனுடைய சக்தியே அவனைக் கைவிடத் தொடங்கி, உடையைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு நடக்கிறான். அதன் பிறகு வரும் ரயில் காட்சியைச் சண்டைக் காட்சியாக மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஓடும் ரயிலைத் தன் உடலால் நிறுத்திவிட்டு மயங்கி விழும் அவனைப் பயணிகள் தலைக்கு மேல் ஏந்தி உள்ளே கொண்டுவருகிறார்கள். முகமூடி இல்லாத அந்த முகத்தைப் பார்த்து, இவன் வெறும் சிறுவன் என்று திகைக்கிறார்கள். யாரிடமும் சொல்லமாட்டோம் என்கிறார்கள். அவன் துறந்தவற்றுக்கு ஈடாக அந்த நகரம் எதையேனும் திருப்பித் தருமா என்ற கேள்விக்கு அந்த ஒரு பெட்டிக்குள் விடை கிடைத்துவிடுகிறது. இரண்டாம் பாகம் முதலாவதை மிஞ்சியதாக இன்றும் பலர் சொல்வதற்கு வில்லனின் நான்கு இயந்திரக் கரங்களைவிட இதுவே காரணம் என்பது என் உறுதியான கருத்து.

2007-இல் வந்த மூன்றாம் பாகத்தைப் பற்றி எழுதியவர்கள், வில்லன்கள் அதிகமாகிவிட்டார்கள் என்ற குறையைச் சொன்னார்கள். அது சரியான குறைதான். ஆனால் எண்ணிக்கையைக் காட்டிலும் ஆழமான குறை ஒன்று உண்டு. முதல் படத்தில் பீட்டர் தன் அலட்சியத்தால் தப்பவிட்ட திருடனே அவனுடைய சித்தப்பாவைக் கொன்றவன் என்று நாம் நம்பினோம். அந்தக் குற்றவுணர்விலிருந்துதான் ஸ்பைடர்மேன் பிறக்கிறான். மூன்றாம் பாகமோ, சுட்டவன் வேறொருவன் என்றும், தப்பவிட்டவன் உடந்தை மட்டுமே என்றும் பின்னோக்கிச் சென்று மாற்றி எழுதியது. பீட்டரின் பொறுப்பு முற்றிலும் நீங்கிவிடவில்லை என்றாலும், மூன்று படங்களையும் தாங்கி நின்ற அடித்தளம் அதனால் பலவீனமானது. ஒரு தொடர்ச்சிப் படம் தன் முன்னோடிக்கு இழைக்கக்கூடிய பெரிய தீங்கு இது. இதை வாசகருக்கு எடுத்துக் காட்டுவது உங்கள் பணி என்று நினைக்கிறேன்.

கிறிஸ்டோபர் நோலனின் பேட்மேன் படங்களிலும் இதையே பொருத்திப் பார்க்கலாம். 2005-இல் வந்த படத்தின் கடைசிக் காட்சியில் காவல் அதிகாரி கார்டன் ஓர் ஐயத்தை எழுப்புகிறார்: நாம் ஆயுதத்தைப் பெருக்கினால் அவர்களும் பெருக்குவார்கள், நீ முகமூடி அணிந்து கூரை மீது தாவினால், எதிரே என்ன வந்து நிற்கும்? அவர் கையில் ஒரு ஜோக்கர் சீட்டு இருக்கிறது. 2008-இல் வந்த தி டார்க் நைட் அந்த ஐயத்துக்கான முழுநீள விடை. அதில் ஜோக்கர் என்னும் வில்லனாக நடித்து, அதே ஆண்டு ஜனவரியில் மறைந்த ஹீத் லெட்ஜருக்கு 2009-இல் ஆஸ்கர் வழங்கப்பட்டது. அந்த நடிப்பு அதற்கு முற்றிலும் தகுதியானது. ஆனால் படத்தின் வெற்றியை அவர் ஒருவர்மீதே ஏற்றிவிட்டதால் அடுத்த படத்துக்கு அநீதி நேர்ந்தது. 2012-இல் மூன்றாம் பாகம் வந்தபோது, ஜோக்கருக்கு இணையான வில்லன் இல்லை என்பதே பெருங்குறையாகப் பேசப்பட்டது. இரண்டாம் பாகம் விட்டுச்சென்றதோ வேறு ஒன்று: நகரம் நேர்மையின் அடையாளமாக நம்பிய அரசு வழக்கறிஞர் ஹார்வி டென்ட்டின் குற்றங்களைப் பேட்மேன் தன்மீது ஏற்றுக்கொள்கிறான், ஒரு பொய்யின்மீது நகரத்தின் அமைதி கட்டப்படுகிறது. அந்தப் பொய் உடைந்தால் என்ன ஆகும் என்பதே மூன்றாம் பாகம் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. பொய்யை அது உடைக்கிறது. ஆனால் அதைக் கேட்ட சாதாரண மக்கள் என்ன நினைத்தார்கள், யாரை நம்பினார்கள் என்பதில் போதிய நேரம் செலவிடவில்லை. நான் அந்தப் படத்தில் காணும் குறை இதுதான், ஜோக்கர் இல்லாதது அன்று.

எதிர்பார்ப்பை வேண்டுமென்றே மறுக்கும் படங்களுக்கும் இந்த அளவுகோல் நியாயம் செய்யும். 2019-இல் வந்த ஜோக்கர் படத்தின் நாயகனைப் பலர் கலகக்காரனாகக் கொண்டாடினார்கள். 2024-இல் வந்த தொடர்ச்சி, அவன் கொண்டாடத் தக்கவன் அல்லன், உடைந்துபோன ஒரு மனிதன் என்று காட்ட முற்பட்டது. அந்த முடிவுக்காக நான் படத்தைக் குறைசொல்ல மாட்டேன். ஒரு கலைஞருக்கு அந்த உரிமை உண்டு. முதல் படத்தில் நாம் ஏற்கெனவே பார்த்த நிகழ்வுகளையே நீதிமன்றத்தில் நெடுநேரம் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்ததையும், பாடல்கள் அந்த மனிதனைப் பற்றி நமக்குப் புதிதாக எதையும் சொல்லாததையும்தான் குறைசொல்வேன்.

நம்முடைய எந்திரனையும் இங்கே சேர்த்துக்கொள்ள வேண்டும். சிட்டி ஓர் இயந்திரம் என்றாலும், தமிழ்க் குழந்தைகள் சூப்பர் ஹீரோவாக ஏற்றுக்கொண்ட பாத்திரம். 2010-இல் வந்த முதல் படம், நீதிமன்ற ஆணைப்படி சிட்டி தன்னைத்தானே கழற்றிக்கொள்வதோடு உச்சத்தை அடைகிறது. 2030-இல் ஓர் அருங்காட்சியகத்தில், ஏன் கழற்றினார்கள் என்று கேட்கும் பள்ளி மாணவிக்கு, சிந்திக்கத் தொடங்கியதுதான் காரணம் என்று அந்த இயந்திரத் தலை பதில் சொல்கிறது. சிந்திக்கவும் காதலிக்கவும் தெரிந்த இயந்திரத்தை மனிதர்கள் என்ன செய்வார்கள் என்ற அரிய கேள்வி அது. 2018-இல் வெளியான 2.0 முப்பரிமாணத்தில் வந்தது. பறவைகளுக்காக உருகும் பக்ஷிராஜனின் துயரத்தில் உண்மை இருந்தது. ஆனால் சிட்டி அங்கே ஓர் ஆயுதமாகத் திரும்பக் கூட்டப்பட்டானே தவிர, சிந்தித்ததற்காகத் தண்டிக்கப்பட்டவனாகத் திரும்பவில்லை. கழற்றிய மனிதர்களே தேவை வந்தபோது மீண்டும் அழைத்தார்களே என்று அவன் ஒரு கணம் நின்று யோசித்திருந்தாலும் எட்டாண்டுக் காத்திருப்புக்குப் பொருள் கிடைத்திருக்கும். படம் வெளியானபோது வந்த விமர்சனங்களில் செலவும் வரைகலையும் விரிவாகப் பேசப்பட்டன. இந்தக் கேள்வி விடுபட்டுப்போனதைப் பற்றி நான் மிகக் குறைவாகவே வாசித்தேன். அது எனக்கு இன்றும் வருத்தம் தருகிறது.

தமிழ்ப் பதிப்பைப் பற்றி உங்களிடம் இன்னும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். கேசினோ, தேவி திரையரங்குகளில் ஆங்கிலப் படம் பார்த்துப் பழகியவர்கள் இந்நகரில் பலர் உண்டு. ஆனால் இன்று பெருந்திரளான குடும்பங்களும் சிறுவர்களும் இந்தப் படங்களைத் தமிழில்தான் பார்க்கிறார்கள். உங்கள் வாசகர்கள் அவர்களே. இருந்தும், ஆங்கிலப் பதிப்பைப் பார்த்துவிட்டுத் தமிழில் விமர்சனம் எழுதுவதே வழக்கமாக இருக்கிறது. 2019-இல் அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம் வந்தபோது, தமிழ் வசனத்தை ஏ.ஆர்.முருகதாஸ் எழுதினார், அயர்ன் மேனுக்கு விஜய் சேதுபதியும் பிளாக் விடோவுக்கு ஆண்ட்ரியாவும் குரல் கொடுத்தார்கள். இருவரும் தேர்ந்த கலைஞர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் ஒரு தொடரின் உச்சமான படத்தில் குரலை மாற்றுவது என்ன விளைவை உண்டாக்குகிறது என்று எண்ணிப் பாருங்கள். 2008-இல் வந்த முதல் படத்தின் கடைசி வாக்கியமாக டோனி ஸ்டார்க் தான்தான் அயர்ன் மேன் என்று உலகுக்கு அறிவிக்கிறான்; பதினோரு ஆண்டுகளுக்குப் பின், உயிரைக் கொடுக்கும் அந்தக் கணத்தில் அதே வாக்கியத்தைத் திரும்பச் சொல்கிறான். தொடர்ச்சி என்பதன் முழுப் பயனும் அந்த ஒற்றை எதிரொலியில் இருக்கிறது. தமிழ்ப் பதிப்புகளையே தொடர்ந்து பார்த்துவந்த ஒருவருக்கு அந்த எதிரொலி, பழகிய குரலை விட்டுப் புதிய குரலில் வந்து சேர்ந்தது. ரசிகர்கள் அப்போதே இதைச் சொல்லி வருந்தினார்கள். இந்த ஒரு விவரத்துக்காகவேனும் தமிழ்ப் பதிப்பைத் தனியே பார்த்து எழுதியிருக்க வேண்டும்.

அதே படத்தைப் பற்றி, முதல் ஒரு மணி நேரத்தில் சண்டையே இல்லை என்று ஒரு குறை கேட்டேன். முந்தைய படம் உயிர்களில் பாதி சாம்பலாக உதிர்வதோடு முடிந்தது. அத்தனை பெரிய இழப்புக்குப் பின், ஐந்தாண்டுகள் கடந்தும் எழுந்திருக்க முடியாத மனிதர்களைக் காட்ட ஒரு மணி நேரம் எடுத்துக்கொண்டது, முந்தைய படத்துக்குக் காட்டிய மரியாதை என்றே நான் கருதுகிறேன்.

படத்துக்கு வெளியே நேர்ந்தவற்றையும் சில இடங்களில் வாசகருக்குச் சொல்லியாக வேண்டும். 2020 ஆகஸ்டில் முதல் பாகத்தின் நாயகன் சாட்விக் போஸ்மன் மறைந்தபின் எடுக்கப்பட்ட பிளாக் பாந்தரின் இரண்டாம் பாகத்தை, அவர் இருந்திருந்தால் வந்திருக்கக்கூடிய படத்தோடு ஒப்பிடுவது முறையாகாது. இரண்டாம் சூப்பர்மேன் படத்தின் பெரும்பகுதியை எடுத்த ரிச்சர்ட் டோனர் நீக்கப்பட்டு, ரிச்சர்ட் லெஸ்டர் அதை முடித்தார். டோனரின் வடிவம் 2006-இல்தான் வெளிவந்தது. இத்தகைய பின்னணியை இரண்டு வரியில் சொன்னால்கூடப் போதும், வாசகர் தாமே நியாயம் காண்பார்.

இவற்றோடு, வீட்டில் முடிவெடுப்பவர்களுக்கு உதவும் இரு தகவல்களை உங்கள் ஒவ்வொரு விமர்சனத்திலும் தவறாமல் சேர்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன். புதிய படத்தைப் புரிந்துகொள்ள எவற்றையெல்லாம் முன்பே பார்த்திருக்க வேண்டும் என்பது முதலாவது. 2023-இல் வந்த தி மார்வெல்ஸ் படத்தின் மூன்று நாயகிகளில் இருவரின் முன்கதை, சந்தா கட்டிப் பார்க்கும் இணையச் சேவை ஒன்றில் வந்த இரு தொடர்களில் இருந்தது. அந்தச் சேவைக்குச் சந்தா கட்டாத குடும்பம் அரங்கில் திகைத்துத்தான் போயிருக்கும். கதை இந்தப் படத்தோடு முடிகிறதா என்பது அடுத்தது. அதே ஆண்டு ஜூனில் வந்த ஸ்பைடர்மேன்: அக்ராஸ் தி ஸ்பைடர்வெர்ஸ் மிக அழகான அனிமேஷன் படம், தமிழ் உட்பட இந்திய மொழிகள் பலவற்றில் வெளியானது, ஆனால் கதையின் நடுவில் நின்றுவிடுகிறது. முன்பே தெரிந்திருந்தால், உடன் வரும் பிள்ளைகளைத் தயார்செய்தே அழைத்துப் போயிருப்போம்.

வெளியான அன்றே எழுத வேண்டிய நெருக்கடி உங்களுக்கு உண்டு என்பதை அறிவேன். ஆகவே முதல்நாள் விமர்சனத்தைக் கைவிடும்படி கேட்கவில்லை. ஒரு வாரம் கழித்து, முந்தைய பாகத்தை மறுபடி பார்த்துவிட்டு, தமிழ்ப் பதிப்பையும் பார்த்துவிட்டு, இரண்டாவதாக ஒரு குறிப்பு எழுதுங்கள். அடுத்து வரவிருக்கும் ஏதேனும் ஒரு தொடர்ச்சிப் படத்திலிருந்து, உங்களில் ஒருவரேனும் இதைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். அந்தக் குறிப்பை முதல் ஆளாக வாசிக்கக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் விமர்சனங்களைத் தொடர்ந்து வாசிக்கும் ஒரு பார்வையாளர்,
பெரம்பூர், சென்னை.