தொட்டியில் இன்னும் ஆறு மீன் விடலாமா?

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் நீ கேட்டதற்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. தீபாவளிக்கு வரும்போது சென்னைக் கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் இறங்கி ஆறு டெமசோனி மீன் வாங்கிவந்து தொட்டியில் விடலாமா என்றாய், "பார்க்கலாம்" என்றேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாயோ என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன். நான்கு நாட்களாகக் காலையிலும் மாலையிலும் தொட்டிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பார்த்தேன், தண்ணீரை இரண்டு முறை சோதித்தேன், கணக்கும் போட்டேன். இப்போதைக்கு ஒரு மீன்கூடச் சேர்க்க வேண்டாம் என்பதுதான் என் முடிவு.

முதலில், நான் உன்னிடம் முழுதாகச் சொல்லாத ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போன மாதம் ஓர் எல்லோ லேப் மீன் இறந்துவிட்டது என்று மட்டும்தான் சொன்னேன், எப்படி என்று சொல்லவில்லை. மூன்று நாட்களாக அது ஃபில்டர் குழாய்க்குப் பின்னால், தண்ணீர் மட்டத்தை ஒட்டிய மூலையில், தலை மேலாகச் சாய்ந்தபடி நின்றிருந்தது. வால் துடுப்பு நைந்த துணியின் ஓரம்போல இழை இழையாகப் பிரிந்திருந்தது. தீனி போட்டதும் மற்றவை மேலே வர, இதுவும் மெல்ல ஒரு சாண் தூரம் வரும். உடனே அடியில் உள்ள பெரிய கல்லின் பொந்திலிருந்து ஆரட்டஸ் என்ற மற்ற மீன் பாய்ந்து வந்து விலாவில் இடிக்கும். இது மறுபடி மூலைக்குப் போய்விடும். முதல் நாளே வலையை எடுத்து அதைத் தனியாகப் பிரித்திருந்தால் பிழைத்திருக்கும். தானாகச் சரியாகிவிடும் என்று நான் விட்டதால் போய்விட்டது. அதை நினைத்தால் இன்னும் மனம் ஆறவில்லை.

அந்த ஆரட்டஸ் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். மஞ்சள் உடம்பில் கருப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டு, விரல் நீளத்துக்குத்தான் இருந்தது. இதுவும் எல்லோ லேப் போலச் சாதுதான் என்று விற்றவர் சொன்னதை நம்பி வாங்கினோம். இப்போது அதன் மஞ்சள் முழுவதும் மறைந்து, உடம்பு கரியாகி, முதுகில் ஒரு வெளிர்கோடு மட்டும் நிற்கிறது. குஞ்சிலும் பெண்ணிலும் மஞ்சளாக இருக்கும் இந்த இனத்தில், ஆண் ஓர் இடத்தைத் தன்னுடையதாகப் பிடித்துக்கொண்டதும் இப்படிக் கருத்துவிடும். ஆகவே அந்தக் கரிய நிறமே, தொட்டியில் யார் ஆட்சி நடக்கிறது என்பதற்கான அடையாளம்.

கூட்டம் அதிகமானால் அடி எல்லார் மேலும் பிரிந்து விழும், ஒன்றையே துரத்திக் கொல்லாது என்று நீ சொன்னது தவறில்லை. நம் தொட்டியில் இருப்பவைபோன்ற, ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்களை வளர்ப்பவர்கள் அனுபவத்தில் கண்ட உண்மைதான் அது. மலாவி ஏரி 550 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது; அங்கே பாறை இடுக்கில் தோற்ற மீன் நாலு பாறை தள்ளிப் போனால் துரத்துகிறவன் தன் இடத்துக்குத் திரும்பிவிடுவான். நம் தொட்டி நான்கு அடி நீளம். தோற்றது எங்கே போனாலும் வென்றவன் கண்ணில்தான் படும். அதனால் எவனும் தனக்கென்று இடம் பிடிக்க முடியாதபடி நெருக்கமாக விடுவது ஒரு வழிதான். ஆனால், அந்த நெருக்கத்தைத் தாங்கும் ஃபில்டரும் தண்ணீர் மாற்றமும் இருக்கிற இடத்தில்தான் அந்த வழி செல்லும். பாதிக்கூட்டம் சேர்ப்பது இரண்டும் கெட்டான் நிலையில்தான் கொண்டுபோய் விடும்.

அதிலும் நீ தேர்ந்தெடுத்த மீனும் எண்ணிக்கையும் ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. டெமசோனி அழகு என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. அந்த நீலமும் கருப்பும் மாறி மாறி வரும் பட்டைகளைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். மூன்று அங்குலத்துக்கு மேல் பெரிதாக வளராது என்பதால் சின்ன மீன்தானே என்றும் தோன்றும். ஆனால் தன் இனத்தையே அது பொறுத்துக்கொள்ளாது. ஐந்தோ ஆறோ விட்டால், வலுத்த ஆண் ஒவ்வொன்றாக மற்றவற்றை முடித்துவிட்டு, கடைசியில் ஒன்றோ இரண்டோதான் மிஞ்சும். பன்னிரண்டுக்குக் குறையாமல் விடு என்று அதை வளர்த்தவர்கள் சொல்வது அதனால்தான். பன்னிரண்டை விட நம்மிடம் இடம் இல்லை. ஆறை விட்டால், அந்த எல்லோ லேபுக்கு நடந்தது இன்னும் நான்கு ஐந்து முறை நடக்கும், அதை உட்கார்ந்து பார்க்கப்போவது நான்.

இனித் தண்ணீர்க் கணக்கு. முப்பது ஆண்டுகள் வேதியியல் நடத்தியவள் என்பதால் இதை நான் சுருக்கமாக விடமாட்டேன், பொறுத்துக்கொண்டு படி. நான்கு அடிக்கு ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி என்றால் ஒன்பது கன அடி, அதாவது ஏறக்குறைய 250 லிட்டர். கல்லையும் மணலையும் கழித்தால் உண்மையான தண்ணீர் 210 லிட்டர்தான். ஆறு எல்லோ லேப், ஐந்து ரெட் சீப்ரா, ஐந்து அசேய், ஓர் ஆரட்டஸ் என்று இப்போது பதினேழு மீன்கள் இருக்கின்றன. வாரம் ஒருமுறை நூற்றுக்கு முப்பது பங்கு தண்ணீர் மாற்றுகிறோம். மாற்றிய உடன், மீன் கழிவிலிருந்து தண்ணீரில் சேரும் நைட்ரேட் 28 பிபிஎம் (பத்து லட்சத்தில் 28 பங்கு) அளவில் இருக்கிறது, ஏழாம் நாள் 40க்கு வந்துவிடுகிறது. அதாவது வாரத்துக்கு 12 ஏறுகிறது, மாற்றும்போது அதே 12 இறங்குகிறது. நம் கிணற்று நீரில் நைட்ரேட் இல்லை என்பதையும் தனியாகச் சோதித்துக்கொண்டேன். பதினேழு மீன் இருபத்து மூன்றானால், தீனியும் அதே விகிதத்தில் கூடினால், வாரத்துக்கு 16 ஏறும். முப்பது பங்கையே மாற்றிக்கொண்டிருந்தால் சில வாரங்களில் அது 54 வரை போய்த்தான் நிலைகொள்ளும். பழைய 40க்கே வைத்திருக்க வேண்டுமென்றால் நாற்பது பங்கு மாற்ற வேண்டும். இப்போது அப்பா பதினைந்து லிட்டர் வாளியில் நான்கு வாளி தூக்குகிறார். அது ஆறு வாளி ஆகும். அவர் முடியாது என்று சொல்லமாட்டார், அது வேறு விஷயம். அந்த 40கூட எனக்குத் திருப்தி தரவில்லை, 20க்கு அருகில் கொண்டுவர வேண்டும் என்றிருக்கும்போது, மேலே ஏற்றுகிற காரியத்தைச் செய்ய மனம் ஒப்பவில்லை.

நைட்ரேட் மெதுவாகக் கெடுப்பது. அம்மோனியா உடனே கெடுப்பது. நம் கிணற்று நீரின் கடினத்தன்மையும் 8க்கு மேலான பி.எச். (அமில-கார) அளவும் மலாவி மீன்களுக்கு வரம்தான், அதற்காகவே நீ இந்த மீன்களைத் தேர்ந்தெடுத்தாய். ஆனால் பி.எச். 7இல் இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவத்தில் இருக்காது. 8க்குப் போனால் அது ஏறக்குறைய பத்து மடங்காகிவிடும். ஃபில்டரில் குடியிருக்கும் பாக்டீரியா பதினேழு மீனின் கழிவுக்குப் பழகியவை; ஒரே நாளில் மூன்றில் ஒரு பங்கு சுமை கூடினால் அவை பெருகி ஈடுகொடுக்கும்வரை இடையில் சில நாட்கள் எல்லா மீன்களுக்கும் ஆபத்து. போன மே மாதம் இரவில் இரண்டு மணி நேரம் மின்சாரம் போனபோது, எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்ததை நீ பார்க்கவில்லை. தண்ணீர் சூடேற ஏறப் பிராணவாயு குறையும். 25 டிகிரியில் லிட்டருக்கு 8.3 மில்லிகிராம் வரை கரைகிற இடத்தில் 30 டிகிரியில் 7.6தான் கரையும். அன்று பதினெட்டு மீன் பிழைத்தன. இருபத்து மூன்று பிழைத்திருக்குமா என்று என்னால் உறுதி சொல்ல முடியாது.

இவ்வளவும் நீயும் யோசித்திருக்கக்கூடியவைதான். நீ அறியாத காரணம் ஒன்று இருக்கிறது. நேற்று முன்தினம் காலையில் தீனி போட்டபோது, எல்லோ லேபில் சற்றுப் பருத்தது மட்டும் வரவில்லை. உடம்புக்கு ஏதேனுமோ என்று பயந்து கண்ணாடியோடு முகம் வைத்துப் பார்த்தேன். தாடைக்குக் கீழே கழுத்துப் பை பட்டாணி அளவுக்குப் புடைத்திருக்கிறது. வாயை மூடியபடியே, எதையோ மெல்வதுபோல, நிமிடத்துக்கு ஒருமுறை அசைக்கிறது. வாய்க்குள் வைத்து அடைகாக்கும் முட்டைகளைப் புரட்டிவிடுகிறது. எதிரில் விழுந்த தீனியைப் பார்த்துக்கொண்டே இருந்தது, வாயைத் திறக்கவில்லை. மூன்று நான்கு வாரம் இப்படியே சுமக்கும் என்று நீதான் எனக்கு முன்பு சொன்னாய். நம் ஏரிகளில் இன்று நிறைந்திருக்கும் ஜிலேபி மீனும், அதாவது 1952இல் இந்தியாவுக்கு வந்த திலாப்பியாவும், இதே குடும்பம், இதே வழக்கம் என்றும் சொன்னாய். சின்ன வயதில் அந்த மீனைக் குழம்பில் தவிர வேறெங்கும் கவனித்துப் பார்க்காதவள் நான். இந்த நேரத்தில் புது மீன்களை விட்டால் தொட்டி முழுவதும் இடம் பிடிக்கும் சண்டை புதிதாகத் தொடங்கும், அந்தக் கலவரத்தில் அது முட்டைகளைத் துப்பிவிடும், இல்லையென்றால் விழுங்கிவிடும். வலையில் பிடித்துத் தனித்தொட்டிக்கு மாற்றவும் அதே காரணத்தால் எனக்குத் துணிவில்லை.

ஆகவே நான் நினைப்பது இது. சேர்ப்பதற்கு முன் ஒன்றைக் குறைக்க வேண்டும். ஆறு அடித் தொட்டியில் முரட்டு மீன்களை மட்டும் வைத்திருக்கும் ஒருவர் நம் தெருவுக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். ஆரட்டஸை எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார். அதைப் பிடிக்கக் கற்களை எடுக்க வேண்டியிருக்கும் என்பதால், குஞ்சுகள் வெளியே வரும்வரை காத்திருந்து, நீ வரும்போது இருவருமாகச் செய்யலாம். அதுவரை அது பாய்ந்தால் தீனியை இரண்டு ஓரத்திலும் ஒரே நேரத்தில் போட்டுச் சமாளிக்கிறேன். கற்களைத் திரும்ப அடுக்கும்போது பழைய பொந்துகள் இல்லாதபடி மாற்றி அடுக்கிவிடு. யாருக்கும் பழைய இடம் இருக்காது. பிறகு ஒரு மாதம் பார்ப்போம். வாயிலிருந்து வரும் குஞ்சுகளில் கல் இடுக்கில் தப்பிப் பிழைப்பவை மூன்று நான்கு இருந்தால், அவைதான் நம் புது மீன்கள். ரெட் சீப்ராவோடு கலந்து பிறந்தவையாகவும் இருக்கலாம், நிறம் தெரியும்வரை யாருக்கும் எல்லோ லேப் என்று சொல்லிக் கொடுத்துவிடாதே.

டெமசோனி உனக்கு வேண்டுமென்றால், அவற்றுக்கென்றே ஒரு தொட்டி வைத்துப் பன்னிரண்டாக வளர்க்கலாம். மாடி அறையில் இடம் இருக்கிறது, தரை தாங்குமா என்று மட்டும் கொத்தனாரைக் கேட்க வேண்டும். அதற்கு நான் தடை சொல்லமாட்டேன். ஊருக்குக் கிளம்பும் முன், மின்தடையில் ஓடும் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று அங்கே நல்லதாகக் கிடைத்தால் வாங்கிக்கொண்டு வா. வெள்ளிக்கிழமை தண்ணீர் மாற்றும்போது பாதி மாற்றிப் பார்க்கப்போகிறேன், ஏழாம் நாள் எண் எவ்வளவு என்று எழுதுகிறேன்.

அன்புடன்,
அம்மா