பரணில் கிடக்கும் பழைய தோட்டாக்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குன்னூர், கோத்தகிரி பக்கம் பழைய வீடுகளைக் காலி செய்யும்போது பரணில் தகர டப்பாவுக்குள் தோட்டாக்கள் அகப்படுவது உண்டு. ‘இத்தனை வருஷம் மூடுபனியில் கிடந்தது, நமத்துப் போயிருக்கும்’ என்று அசட்டையாகச் சொல்லிவிடுகிறோம். இந்த எண்ணம் ஆபத்தானது.

தோட்டாவில் இருப்பவை நான்கு: பித்தளைக் கூடு, அதன் அடியில் கேப், உள்ளே மருந்து, வாயில் குண்டு. அடிபட்டால் வெடிப்பது கேப் மட்டுமே. அதன் தீப்பொறி சிறு துளை வழியே பாய்ந்து மருந்தைப் பற்றவைக்கிறது. மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. கார்டைட் என்னும் புகையில்லா மருந்தின் இழை ஒன்றைத் திறந்த வெளியில் கொளுத்தினால் மஞ்சள் சுடரோடு சீறி எரிந்து அடங்கிவிடும். அதையே கூட்டுக்குள் அடைத்தால் வாயுவுக்குப் போக்கிடம் இல்லை. அழுத்தம் ஏற ஏற எரியும் வேகமும் ஏறுகிறது. ராணுவ ரைபிளில் அது வளிமண்டல அழுத்தத்தைப் போல 3,000 மடங்கைத் தாண்டும். பித்தளை விரிந்து துப்பாக்கிக் குழலோடு ஒட்டிக்கொள்வதால்தான் வாயு பின்னால், சுடுபவர் முகத்தை நோக்கி வராமல் குண்டைத் தள்ளுகிறது. 7.62 மி.மீ. குண்டு விநாடிக்கு 840 மீட்டர் வேகத்தில் பாய்வது இப்படித்தான்.

வெடியுப்பு 75, கரி 15, கந்தகம் 10 பங்கு சேர்ந்த பழைய கருமருந்து வேறு வகை. எரிந்த பின் பாதிக்கு மேல் புகையாகவும் கசடாகவும் நிற்கும். அந்தக் கசடு நம் மலைப்பனியை உறிஞ்சிக் குழலைத் துருவேற்றும். 1889இல் பிரிட்டிஷ் வேதியியலாளர்கள் ஏபெல், டுவார் இருவரும் உருவாக்கிய கார்டைட் ஏறக்குறைய முழுவதும் வாயுவாகிவிடும். அருவங்காடு தொழிற்சாலைக்குப் பெயர் தந்ததும் அதுவே.

பனி கெடுப்பது 12 போர் வேட்டைத் துப்பாக்கியின் காகிதத் தோட்டாக்களை. அவை ஊதிப்போய்க் குழலில் நுழையாது. பித்தளைத் தோட்டாவில் கேப்பைச் சுற்றியும் வாயிலும் அரக்குப் பூச்சு இருப்பதால் ஈரம் எளிதில் ஏறாது. மருந்தைக் கெடுப்பது காலமும் வெப்பமும். கார்டைட் போன்ற மருந்தில் உள்ள நைட்ரோசெல்லுலோஸ் மெல்லச் சிதைந்து அமில வாயுவைக் கக்கும். கூட்டில் பச்சை படியும், காரமான நெடி வரும். மாட்டுக்கொட்டில் பக்கம் வைத்திருந்தால் இன்னும் மோசம். மூத்திரத்திலிருந்து எழும் அமோனியா பித்தளைக்கு ஆகாது. இந்தியாவில் ஆங்கிலேயப் படையின் தோட்டாக்கள் மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் விரிசல் விட்டதற்கும் அதுவே காரணம். விரிசல் விட்ட கூட்டைச் சுட்டால் வாயு பின்பக்கம் பீறிடும். மருந்து அரைகுறையாக எரிந்தால் ‘டுப்’ என்ற மந்தமான சத்தத்தோடு குண்டு குழலுக்குள்ளேயே நின்றுவிடும். அது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழலே பிளக்கும்.

மருந்து இத்தனை கெட்டாலும் கேப் உயிரோடு இருக்கலாம். ஆகவே ஆணியால் குத்துவது, சுத்தியலால் தட்டுவது, கிடுக்கியால் குண்டைப் பிடுங்குவது எதுவும் கூடாது. அடுப்பிலோ குப்பைத் தீயிலோ போட்டால் குண்டு தூரம் போகாது. ஆனால் கிழிந்த பித்தளைச் சில்லு கண்ணைப் பறிக்கும். காலி செய்கிறவர்கள் டப்பாவை ஆட்டாமல், வெயில் படாமல் அப்படியே வைத்துவிட்டு அருகிலுள்ள காவல் நிலையத்துக்குச் சொல்ல வேண்டும். உரிமம் இல்லாமல் தோட்டா வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தா காலத்து உரிமம் பேரனுக்குச் செல்லாது.

இப்படிக்கு,
வாசகர், அருவங்காடு