யாங்கோன் தமிழ்ச் சபைகளின் போதகர்களுக்கும் மூப்பர்களுக்கும் ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான ஐயாமார்களுக்கு ஸ்தோத்திரம்.

பாட்டனார் காலம் முதல் யாங்கோனில் வாழும் குடும்பத்தில் பிறந்து, ஞாயிறு பள்ளியில் வேதாகமத்தை வைத்தே தமிழ் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். நம் சபைகளில் நடக்கும் முழு இரவு ஜெபங்களைக் குறித்து ஒரு விண்ணப்பம் செய்ய விரும்புகிறேன். அவை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அங்கே நாம் யாரோடு போராடுகிறோம் என்பதே என் கவலை.

ஆவிக்குரிய யுத்தம் என்றாலே ஒலிபெருக்கியைக் கூட்டிவைத்து, பிசாசுகளைப் பெயர் சொல்லிக் கட்டி, தெருமுனை அரசமரத்தில் இருக்கும், பர்மியர் வணங்கும் நட் என்னும் ஆவித் தெய்வத்தின் கூட்டின் பக்கம் கை நீட்டிக் கடிந்துகொள்வது என்று ஆகிவிட்டது. அந்தக் கூட்டில் பூ வைக்கிற பர்மியப் பெண்மணிதான், மின்சாரம் நின்று மோட்டார் ஓடாத நாட்களில் நமக்கும் சேர்த்துத் தண்ணீர் பிடித்து வைக்கிறவர். நமக்கு மனிதரோடு போராட்டம் இல்லை என்று எபேசியருக்கு எழுதிய பவுல், அடுத்த வரிகளில் எடுத்துத் தரும் சர்வாயுதங்களைக் கவனியுங்கள்: சத்தியம் கச்சை, நீதி மார்க்கவசம், சமாதானத்தின் சுவிசேஷம் பாதரட்சை, விசுவாசம் கேடகம், இரட்சிப்பு தலைச்சீரா. வெட்டுகிற ஆயுதம் தேவவசனமாகிய பட்டயம் ஒன்றே. மற்றவை யாவும் உடுத்திக்கொண்டு அசையாமல் நிற்பதற்கானவை. பகலெல்லாம் கடையில் வீசைக்குக் கொஞ்சம் குறைத்து நிறுத்துவிட்டு (வீசை என்பது இங்கே வழங்கும் எடை அளவு) இரவில் சத்தியம் என்னும் கச்சையை எப்படிக் கட்டுவது?

வனாந்தரத்தில் 40 நாள் உபவாசித்த ஆண்டவரும் சோதனைக்காரனுக்கு மூன்று முறையும் உபாகம வசனங்களால் அமைதியாகவே பதில் சொன்னார். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் பாலைவனத்தில் வாழ்ந்த துறவி எவாக்ரியுஸ், பெருந்தீனி, இச்சை, பொருளாசை, துயரம், கோபம், சோர்வு, வீண்புகழ், பெருமை என்று எட்டுத் தீய எண்ணங்களைப் பட்டியலிட்டார். அவற்றைத் தூண்டுவது பிசாசுகளே என்று அவர் உறுதியாக நம்பினார். ஆனாலும் போர்க்களம் தன் மனமே என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அந்த எட்டில் வீண்புகழ் நம் ஜெப மேடைக்கே ஏறிவருகிறது என்பதை, மேடையில் நின்றவன் என்ற முறையில் நானே ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. மகன் வேலை தேடி மலேசியாவுக்குப் போய் மாதக்கணக்கில் செய்தி இல்லாததால் தூக்கமும் பேச்சும் இழந்திருந்த என் சின்னம்மா மகளை, ஒரு ஜெபக்கூட்டத்தில் சபை நடுவே நிறுத்திப் பிசாசு பிடித்தவள் என்றார்கள். அதற்குப் பிறகு அக்கா ஆலயத்துக்கு வருவதில்லை.

நம் பிள்ளைகள் வாசிக்கும் பர்மிய வேதாகமத்தைத் தந்த அமெரிக்க மிஷனரி அதோனிராம் ஜட்சனை நினைத்துக்கொள்கிறேன். 1824இல் அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறைப்பட்டு விலங்கைத் தாங்கியவர், 1826இல் மனைவியையும் அடுத்த ஆண்டு குழந்தையையும் பறிகொடுத்தபின் உடைந்துபோனார். மோல்மேன் காட்டில் குடிசை போட்டு, தமக்கென்று ஒரு குழி வெட்டி, அதன் அருகே உட்கார்ந்திருந்தார். தன்னை ஒடுக்குவதே பக்தி என்று எண்ணி அவர் போன தூரம் நமக்கும் எச்சரிக்கைதான். ஆனால் அவரைப் பிசாசு பிடித்தவர் என்று நாம் யாரும் சொல்வதில்லை. அந்த இருளிலிருந்து மொழிபெயர்ப்பு மேசைக்குத் திரும்பி, 1834 ஜனவரியில் முழு வேதாகமத்தையும் முடித்தார். ஜட்சனுக்குக் காட்டும் பொறுமையை என் அக்காவுக்கும் காட்டியிருக்கலாம்.

ஆகவே, அடுத்த முழு இரவு ஜெபத்தில் ஒரு மணி நேரம் ஒலிபெருக்கியை நிறுத்தி வைக்க வேண்டுகிறேன். மின்வெட்டு வந்தால் அது தானாகவே நின்றுவிடும். தேவனே, என்னை ஆராய்ந்து பாரும் என்று வேண்டும் 139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் அந்த வாரத்தின் கோபத்தையும் பொய்யையும் கடனையும் மௌனமாகத் தேவனுக்கு முன் வைக்கட்டும். யாரோடு பகை இருக்கிறதோ அவர் அதே அறையில் இருந்தால், எழுந்துபோய்ப் பேசவும் இடம் கொடுங்கள். துயரத்தில் இருப்பவர்களைச் சபை நடுவே நிறுத்தாமல், வீட்டுக்குப் போய் ஜெபித்து, தேவையானால் மருத்துவரிடம் கூட்டிச்செல்லுங்கள்.

முதல் வீடாக என் அக்காவின் வீட்டுக்கு வாருங்கள் ஐயா. நானே வந்து அழைத்துப்போகிறேன்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் சபைப் பிள்ளை ஒருவன்,
யாங்கோன்