லாச்சிக்குள் இருக்கிற கடிதங்கள்

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை பேரனைத் தூக்கிக்கொண்டு உங்கள் குசினியில் நின்றபோது, அவனுடைய சூப்பி இருக்குமோ என்று மேசை லாச்சியைத் திறந்தேன். உள்ளே கரண்ட் கொம்பனியின் கடிதங்கள், ஆறோ ஏழோ. ஒன்றும் உடைத்தபடி இல்லை. மேலே கிடந்ததில் கண்ணாடித்தாளுக்குள்ளால் சிவப்பு எழுத்துத் தெரிந்தது. சத்தமில்லாமல் சாத்திவிட்டேன். நீ வீட்டுக்குள்ளேயே ஜக்கெற்றோடு நின்றதும், பிள்ளை படுக்கிற அறையில் மட்டும் ஹீற்றர் போட்டிருந்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

போனில் கேட்டால் "நான் பார்த்துக்கொள்கிறேன் அப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன். ஏசுவதற்காக இல்லை, பிள்ளை. அந்த லாச்சி எனக்கும் பழக்கமான லாச்சி.

2001 மாரி. லண்டன் ஈஸ்ட்ஹாமில் அந்த மேல்மாடி வீடு, உனக்கு ஆறு வயது. நான் இரவில் பெற்றோல் ஷெட்டில் வேலை, அம்மாவுக்கு வேலை இல்லை. வந்த பில்லுகளைப் பிள்ளையார் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தேன், காசு வந்ததும் எடுத்துப் பார்க்கலாம் என்று. ஒரு நாள் காலையில் கோர்ட்டு உத்தரவோடு ஆட்கள் வந்து மீற்றரைக் கழற்றி, முதலில் காசு ஏற்றினால்தான் கரண்ட் வரும், திறப்புப் போடுகிற மீற்றரைப் பூட்டிவிட்டுப் போனார்கள். வந்துபோன செலவையும் எங்கள் கடனிலேயே சேர்த்தார்கள். நீலப் பிளாஸ்டிக் திறப்பு ஒன்று, நினைவிருக்கிறதா? மூலைக் கடைக்கு அதை ஆர் கொண்டுபோவது என்று நீயும் தம்பியும் சண்டை பிடிப்பீர்கள். கடையில் 10 பவுண் ஏற்றிக்கொண்டு வந்து செருகினால் சின்னத் திரையில் 6 பவுண் சொச்சம்தான் நிற்கும். பழைய கடனுக்குக் கிழமைக்கு இவ்வளவு என்று அது முதலில் எடுத்துவிடும். கரண்ட் நின்றுபோன நாட்களுக்கும் நிலைக்கட்டணம் ஏறிக்கொண்டே இருக்கும்.

ஒரு இரவு, காசு தீர்ந்தால் மீற்றர் கடனாகத் தருகிற அவசரக் கிரெடிட்டும் முடிந்துபோய் வீடு இருண்டது. கடை பூட்டி. அம்மா மெழுகுதிரி கொளுத்தி உன் வீட்டுப்பாடத்துக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "யாழ்ப்பாணத்தில் ஜாம் போத்தல் விளக்கில் படித்தனான். லண்டனிலும் என்ர பிள்ளைக்கு இதுவா?" என்றார். 1990இலிருந்து வருடக்கணக்காக அங்கே எங்களுக்குக் கரண்ட் இல்லை. அது போர். இது நான் திறக்காமல் வைத்த கடிதம். அந்தக் கேள்வி இன்னும் என் காதில் நிற்கிறது.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன்.

முதலில் கடிதங்களை உடை. எல்லாவற்றிலும் கடைசிப் பில்லை எடுத்து, அதில் இருக்கிற மீற்றர் எண் அவர்கள் பார்த்த எண்ணா, உத்தேசமாகப் போட்டதா என்று பார். உத்தேசம் என்றால் உன் மீற்றரைப் போனில் படம் எடுத்து உண்மையான எண்ணை அனுப்பு. உங்கள் ஃபிளாட்டில் காஸ் இல்லை, சூடு, சுடுதண்ணீர், சமையல் எல்லாமே கரண்ட். அதனால் தொகை பெரிதாகத்தான் வரும். ஆனால் பிழையான தொகைக்கு நீ பயந்துகொண்டிருக்கக் கூடாது. உன் பிழை இல்லாமல் அவர்கள் பில் போடாமல் விட்டதென்றால் 12 மாதத்துக்கு முந்தியதை இப்போது கேட்கவும் முடியாது.

அப்புறம் கொம்பனிக்கு நீயே போன் எடு. கட்ட முடியவில்லை என்று சொன்னால், உன்னால் கட்டக்கூடிய தொகையில் தவணை போட்டுத்தர அவர்கள் கடமைப்பட்டவர்கள். அது கரண்ட், காஸ் கொம்பனிகளைக் கண்காணிக்கிற ஒஃப்ஜெம் வைத்த விதி, அவர்கள் காட்டும் இரக்கம் இல்லை. எடுப்பதற்கு முன் வரவு செலவை ஒரு கடதாசியில் எழுதி வை. வாடகை, கவுன்சில் வரி, நப்கின், பால்மா, ஒன்றையும் குறைத்து எழுதாதே. கேட்டதும் பயத்தில் "மாதம் 120 கட்டுகிறேன்" என்று ஒத்துக்கொள்வது லேசு. இரண்டாம் மாதம் தவறினால் அந்த ஒழுங்கு முறிந்துவிடும். 40தான் முடியுமென்றால் 40 என்று சொல், கடதாசியை வாசித்துக் காட்டு. கதைத்தவரின் பெயர், திகதி, சொன்ன தொகை மூன்றையும் எழுதி வை.

வீட்டில் 8 மாதக் குழந்தை இருக்கிறது என்பதை மறக்காமல் சொல். ஐந்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் கொம்பனி கூடுதல் கவனம் எடுக்க வேண்டிய வீடுகளின் பட்டியலான முன்னுரிமைச் சேவைப் பதிவேட்டில் பெயர் சேர்க்கலாம், அதற்குக் காசு கட்டத் தேவையில்லை. அதைவிடப் பெரிய விஷயம், இரண்டு வயதுக்குக் கீழே பிள்ளை உள்ள வீட்டில் கட்டாயப்படுத்தி, எங்கள் திறப்பு மீற்றர் மாதிரியான முற்பண மீற்றர் பூட்டக் கூடாது என்று 2023இல் விதி வந்துவிட்டது. இப்போதைய ஸ்மார்ட் மீற்றரை, ஆள் வராமலே, தூரத்தில் இருந்து முற்பண முறைக்கு மாற்றலாம். அதற்கும் இதே விதிதான். ஆனால் குழந்தை இருப்பது அவர்கள் கணக்கில் பதிவாகியிருக்க வேண்டும். நீ சொல்லாமல் அவர்களுக்கு எப்படித் தெரியும்?

கீழ்வீட்டு மாஸ்ரரை உனக்கு ஞாபகம் இருக்கும். 2022 மாரியில் விலை ஏறியபோது அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் 400 பவுண் கொடுத்தது. பழைய முற்பண மீற்றர்காரருக்கு அது தபாலில் வவுச்சராக வந்தது, இரண்டு மாதம் 66, நாலு மாதம் 67. மாஸ்ரர் கொம்பனியின் பெயர் போட்ட உறையைக் கண்டாலே பயந்து ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் போட்டுவிடுவார். அடுத்த ஆடியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, காப்புறுதிக் கடதாசி தேடி அந்த ரின்னை நான்தான் திறந்தேன். உள்ளே மூன்று வவுச்சர் உடைக்காத உறைக்குள்ளேயே இருந்தன. பாவிக்கக் கடைசி நாள் ஜூன் 30. அந்தக் குளிரில் மனுசன் இரண்டு கம்பளியைச் சுற்றிக்கொண்டு இருந்தார், மகள். உன் லாச்சியைத் திறந்தவுடன் எனக்கு அந்த ரின்தான் கண்ணுக்குள் வந்தது.

உதவிப் பணங்களைப் பற்றி. மருமகனுக்கு வேலை நேரம் குறைந்துவிட்டது, உன் மகப்பேற்றுச் சம்பளம் 39 கிழமையோடு முடிகிறது. வருமானம் குறைந்தவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற யூனிவர்சல் கிரெடிட் வேலை இல்லாதவர்களுக்கு மட்டும் என்று நினைக்காதே. வேலை செய்துகொண்டே எடுப்பவர்கள் நிறைய. அது கிடைத்தால் அந்த வழியால் வோர்ம் ஹோம் டிஸ்கவுண்டும் வரும், மாரிக்கு 150 பவுண், பில்லிலேயே கழிப்பார்கள். 2025 மாரியிலிருந்து, வருமானம் பார்த்துக் கொடுக்கிற பெனிஃபிட் எடுக்கிற வீடுகள் எல்லாவற்றுக்கும் அதை விரித்துவிட்டார்கள். ஒன்று மட்டும் கவனி. கரண்ட் பில்லில் உன் பெயரோ அவருடைய பெயரோ இருக்க வேண்டும். நீங்கள் குடிவந்தபோது முந்தி இருந்தவரின் பெயரிலேயே பில் வந்ததாகச் சொன்னாய், அது மாறியதா?

கவுன்சிலிலும் அவசர உதவிக் காசு இருக்கிறது, இடத்துக்கு இடம் பெயரும் விதியும் மாறும், கேட்டுப் பார். சில கொம்பனிகள் கடனைத் தீர்க்க நிதி வைத்திருக்கின்றன. பிரிட்டிஷ் காஸ் எனர்ஜி ட்ரஸ்ட் வேறு கொம்பனிக்காரருக்கும் சில வேளைகளில் கொடுக்கும். இதெல்லாம் தனியாகத் தேடித் திரியாதே, இலவசமாக ஆலோசனை சொல்கிற சிற்றிசன்ஸ் அட்வைஸுக்கு எடு, 0808 223 1133, காசில்லாத நம்பர். கடன் கரண்டோடு நிற்கவில்லை, கிரெடிட் கார்டும் இருக்கிறது என்றால் ஸ்டெப்சேஞ்ச் மாதிரி இலவசக் கடன் ஆலோசனை இடத்தில் "பிரீதிங் ஸ்பேஸ்" பற்றிக் கேள். 60 நாளைக்கு வட்டியும் துரத்தலும் நிற்கும். அந்த நாட்களில் பாவிக்கிற கரண்டுக்குக் காசு கட்டத்தான் வேண்டும். காசு வாங்கிக்கொண்டு கடன் தீர்த்துத் தருகிறோம் என்று பேஸ்புக்கில் வருகிறவர்கள் பக்கம் போகவேண்டாம்.

நீ எங்களிடம் கேட்காததற்குக் காரணம் எனக்குத் தெரியும். இவ்வளவு கஷ்டப்பட்டுப் படிக்கவைத்தார்கள், இன்னும் அவர்களிடமா என்று. பிள்ளை, அந்தத் திறப்பு மீற்றர் வந்த கிழமை நான் உன் சித்தப்பாவிடம் 50 பவுண் கேட்க மூன்று நாள் எடுத்தேன். அவன் கேட்டவுடன் தந்தான். தந்துவிட்டு, ஏன் முதலே சொல்லவில்லை என்று அழுதான்.

அம்மாவும் நானும் 300 பவுண் எடுத்து வைத்திருக்கிறோம். அதை இப்போதே கட்டிவிடாதே. முதலில் தவணையைப் பேசி முடி. பிறகு அது ஆறேழு மாதத் தவணைக்கு உனக்குக் கைகொடுக்கும், இல்லாவிட்டால் ஒரே நாளில் போய்விடும். குழந்தையின் அறை ஹீற்றரை மட்டும் நிறுத்தாதே.

செவ்வாய்க்கிழமை முதலாவது கோச்சில் வருகிறோம். அம்மா பேரனைப் பார்த்துக்கொள்வார், நீ போன் எடுக்கும்போது நான் பக்கத்தில் இருக்கிறேன். அதற்கு முதல் கடிதங்களை உடைக்க மனம் வராவிட்டால் அப்படியே வை, சேர்ந்து உடைப்போம். எறிந்துவிடாதே.

அன்புடன்,
அப்பா