குளக்கரைப் பிரெய்ரிக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள அக்கம்பக்கத்தாருக்கு,

நம் வீடுகளுக்குப் பின்னால், மழைநீர்க் குளத்தின் கரையில் நாம் வளர்க்கும் பிரெய்ரியில், அதாவது இந்த மண்ணுக்கே உரிய இயற்கைப் புல்வெளியில், இந்த ஜூலையில் காம்பஸ் செடி முதல் தடவையாகப் பூத்தது. விதைத்த பிறகு இது ஐந்தாவது கோடை. அந்த மஞ்சள் பூவைப் பார்த்த அன்றே இந்த மடலை எழுத உட்கார்ந்தேன்.

முதலில் பூங்காத் துறை ஊழியர்களுக்கு நன்றி. வாரம் தவறாமல் வெட்டிவந்த புல்லை அழித்து, அரை ஏக்கரை எங்களிடம் ஒப்படைக்க அவர்கள் சம்மதித்தது சின்ன விஷயம் இல்லை. நம் இல்லினாய் மாநிலத்தில் ஒரு காலத்தில் ஏறத்தாழ 2.2 கோடி ஏக்கர் பிரெய்ரி இருந்தது. இன்று கெடாமல் மிஞ்சியிருப்பது சுமார் 2,500 ஏக்கர்தான். அதனால் அரை ஏக்கர் என்பது எனக்குப் பெரிய நிலமாகவே தெரிகிறது.

தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளே, டிசம்பர் குளிரில் வந்து, ஈர மணலோடு கலந்த விதையை வீசினீர்கள். சில மாதம் குளிரும் ஈரமும் பட்டால்தான் இந்த விதைகளில் பலவும் முளைக்கும். விதை மண்ணோடு ஒட்ட வேண்டும் என்று சொன்னதும், பூட்ஸ் காலோடு குதித்துக் குதித்து மிதித்தீர்களே, அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் நான் அதிகம் கடன்பட்டிருப்பது, ஜன்னலைத் திறந்தால் இந்த நிலம் தெரியும் வீட்டுக்காரர்களுக்கு. முதல் இரண்டு வருடம் அங்கே களையைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை. பிரெய்ரிச் செடி முதலில் வேரைத்தான் வளர்க்கும். பிக் புளூஸ்டெம் புல்லின் வேர் எட்டு அடிக்கும் கீழே போகக்கூடியது. ஆனால் ஆரம்பத்தில் மேலே விரல் உயரம்தான் நிற்கும். அதற்கு வெயில் கிடைக்க, களையை ஆறேழு அங்குலத்தில் திரும்பத் திரும்ப வெட்டினோம். இதை எத்தனை பேரிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "வீட்டு விலை குறைந்துவிடுமே" என்று கவலைப்பட்ட ஐயாதான், ஓரமாகப் புல்லை வெட்டி ஒரு நடைபாதை விடலாமே என்றார். அந்தப் பாதை வந்த பிறகுதான் இது கவனித்து வளர்க்கும் இடம் என்று எல்லோருக்கும் புரிந்தது.

இரண்டாம் வருடம், ஒப்பந்தத்தில் வேலைக்கு வந்தவர்கள் ஓரத்து மில்க்வீட் செடிகள்மேல் களைக்கொல்லி அடித்துவிட்டார்கள். அன்று நான் அழுதேன். மறு வாரமே தன் வீட்டில் வளர்த்த நாற்றுகளைக் கொண்டுவந்து நட்ட அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது!

அப்புறம், ஊரிலிருந்து மகளைப் பார்க்க வந்திருந்த அம்மா. மில்க்வீட் இலையைக் கிள்ளி, பால் வந்ததைப் பார்த்ததும் "இது நம்ம எருக்கு ஜாதி" என்றார். உண்மைதான், இரண்டும் ஒரே குடும்பம். மோனார்க் வண்ணத்துப்பூச்சியின் புழு இதைத்தான் தின்று வளரும். அவர் இருந்த ஆறு மாதமும் தினமும் காலையில் வந்து களை பிடுங்கினார்.

இந்த வசந்தத்தில் பயிற்சி பெற்ற குழு, அனுமதி வாங்கி, காற்றின் திசை பார்த்துக் காய்ந்த புல்லை எரித்தது. முகம் சுளிக்காமல் ஜன்னலை மூடிக்கொண்டு ஒத்துழைத்தீர்கள். கருகிய மண் சீக்கிரம் சூடேறி, சில வாரத்திலேயே பச்சை தெரிந்தது.

அக்டோபரில் விதை எடுக்கப் போகிறோம். வருகிறவர்கள் காகிதப் பை கொண்டு வாருங்கள். பிளாஸ்டிக் பையில் விதை புழுங்கிப் பூசணம் பிடித்துவிடும்.

நன்றியுடன்,
குளத்தங்கரை வீட்டுக்காரி