காய்ந்த பூவைத் திறந்து காட்டியவர்களுக்கு

அன்புள்ள அனைவருக்கும்,

காட்டுக் காசித்தும்பைகளின் உலர் மாதிரிகளை ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை ஒருவழியாக முடிந்தது. கூடவே நின்ற எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, இந்தச் செடிகளைப் பறித்து அழுத்தி வைத்தவர்களுக்கு. அவர்களில் பலர் இன்று இல்லை. காசித்தும்பையை உலர்த்திப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தப் பாடு தெரியும். தண்டு முழுக்கத் தண்ணீர். உறிஞ்சுதாளை அடிக்கடி மாற்றாவிட்டால் இலை கறுத்துக் கழன்றுவிடும். பூவை அழுத்தியதும் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும்; அப்புறம் எது இதழ், எது புல்லி என்று பிரிப்பது பெரும்பாடு. தன் கடைசி ஆண்டுகளை இந்தப் பேரினத்துக்கே கொடுத்து, 1911இல் 94 வயதில் மறைந்த ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஜோசப் டால்டன் ஹூக்கரும் இப்படிக் காய்ந்த பூக்களோடுதான் மல்லுக்கட்டினார். அதனால், பறித்த சூட்டோடு பூவைப் பிரித்து, ஒவ்வொரு பாகத்தையும் தனியாகப் பரப்பி உலர்த்திய தாள் கையில் வரும்போதெல்லாம் கும்பிடத் தோன்றியது.

மாதிரித் தாளில் ஒட்டிய சீட்டில் பூவின் நிறத்தை எழுதியவர்களுக்கும் கடன்பட்டிருக்கிறேன். வட அமெரிக்கக் காட்டுக் காசித்தும்பைகளான ஜுவல்வீட் செடிகளில், கேப்பென்சிஸ் என்ற இனத்தின் பூ ஆரஞ்சு, பல்லிடா என்ற இனத்தின் பூ மஞ்சள். காய்ந்து பழுப்பேறினால் நிறத்தை நம்ப முடியாது. பூவின் பின்னால் நீளும், தேன் சுரக்கும் வாலைத்தான் பார்க்க வேண்டும்: கேப்பென்சிஸில் அது முன்னோக்கி மடிந்து பூப்பையை ஒட்டியே போகும், பல்லிடாவில் குட்டையாக, செங்கோணத்தில் வளைந்து நிற்கும். வால் நசுங்கிப்போன தாள்களில் 'பூ மஞ்சள்' என்ற இரண்டு சொல்தான் என்னைக் காப்பாற்றியது. இடத்தைச் சரியாகக் குறித்தவர்களுக்கும் அதே நன்றி. தென்னாப்பிரிக்கக் கேப் பகுதிச் செடி என்று தவறாக நினைத்துத் தாவரவியலாளர் மீர்பர்க் 1775இல் வைத்த 'கேப்பென்சிஸ்' என்ற பெயர் இன்றும் மாறவில்லையே!

இந்த உலர் மாதிரிகளைக் காத்து வைத்திருக்கும் ஹெர்பேரியத்தின் பொறுப்பாளருக்கு எப்படி நன்றி சொல்வது? தாளோடு ஒட்டிய சிறு காகித உறையிலிருந்து உதிரிப் பூ ஒன்றை எடுத்துப் பார்க்க அனுமதி கேட்டேன். உடனே தலையாட்டவில்லை. தாளைப் புரட்டி, வேறு பூக்கள் மீதம் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்த்த பிறகுதான் சரி என்றார். அந்தக் கறாரும் எனக்குப் பிடித்திருந்தது. வெந்நீரில் போட்ட பழுப்புத் துணுக்கு மெல்ல ஊறி விரிந்தது. மடிந்திருந்த வால் நிமிர்ந்தது. நுண்ணோக்கியின் அடியில், சூலகத்தைத் தொப்பிபோல மூடியிருந்த ஐந்து மகரந்தப்பைகளும் தெளிவாகத் தெரிந்தன. இருவரும் மாறி மாறிப் பார்த்தோம்.

தாள்களைப் படமெடுத்து இணையத்தில் ஏற்றியவர்களுக்கும், உடைந்த தண்டுகளைப் பொறுமையாக மறுபடி ஒட்டிய கைகளுக்கும் என் நன்றி.

பிரித்த பூவை உலர்த்தி அதே உறையில் திருப்பி வைத்துவிட்டேன். தேதியும், கண்டதும் எழுதிய சீட்டு கூடவே இருக்கிறது. அடுத்து அந்தத் தாளைத் திறப்பவர் இன்னொரு பூவை நனைக்க வேண்டியிருக்காது.

நன்றியுடன்.