பலகைக் கார் வாடகை: எங்கட வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம்.

கிளிநொச்சியில கலியாணத்துக்கும் சாமத்திய வீட்டுக்கும் எங்கட மொறிஸ் மைனர் ட்ரவலரை, அதுதான் நீங்கள் சொல்ற பலகைக் காரை, எடுத்த ஆக்களுக்கு எங்களைப் பற்றிப் புதுசாச் சொல்லத் தேவையில்லை. ஆனா முகப்புத்தகத்தில ஒரு பதிவு சுத்துது, அதாலதான் இதை எழுதவேண்டி வந்தது. வாடகை ஏன் கூடினது எண்டு கேட்டா கேக்கட்டும், காசு குடுக்கிற சனம் கேக்கத்தானே வேணும். "அது பலகையே இல்லை, ஸ்டிக்கர் ஒட்டி ஏமாத்திறாங்கள்" எண்டு எழுதினதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு.

அண்ணை, ஸ்டிக்கர் எண்டா நாங்கள் ஏன் இவ்வளவு கஷ்டப்படுறம்? 1953இல இருந்து 1971 மட்டும் வந்த இந்த ட்ரவலரில முன்பக்கம்தான் இரும்புக் கூடு. பின்பக்கம் ஆஷ் எண்ட வெளிநாட்டு மரத்தில செய்த சட்டம், இடையில அலுமினியத் தகடு. அந்தச் சட்டம்தான் பின்பக்கத்தையே தாங்குது, அழகுக்கு வச்சதில்லை. இங்கிலாந்தில அந்த மரம் உக்கிப்போச்செண்டா வருசப் பரிசோதனையில காரையே பெயிலாக்கிப் போடுவாங்கள். நம்பிக்கை இல்லாட்டி வந்து தட்டிப் பாருங்கோ, நகத்தால சுரண்டியும் பாருங்கோ, வார்னிஷ் போனா நான் அடிக்கிறன்.

மரத்தில காரோ எண்டு சிரிக்கிற ஆக்களுக்கும் ஒண்டு சொல்லோணும். 1924இல ஆந்த்ரே டுபோனே எண்ட பிரெஞ்சுப் பணக்காரர் தன்ர ஹிஸ்பானோ சுவிசா காருக்கு, விமானம் செய்யிற நியூபோர் கொம்பனியைக் கொண்டு, மெல்லிய மரப்பட்டியளை ஆயிரக்கணக்கான ரிவெட் அடிச்சுக் கூடு கட்டுவிச்சு, சிசிலித்தீவில டார்கா ஃபுளோரியோ ரேசே ஓடினவர். 2022இல அமெரிக்காவில அந்தக் கார் 92 லட்சம் டொலருக்கு மேல ஏலம் போனது. எங்கட கார் அந்த ரகமில்லைத்தான், எண்டாலும் மரமெண்டா மட்டமில்லை.

வன்னியில முதிரை மரம் கிடக்கேக்க ஏன் வெளியால மரம் எண்டு கன பேர் கேக்கினம். முதிரை சரியான பாரம், பெர்மிட்டுக்கும் அலையோணும். ஆஷ் இலேசு, வளைஞ்சு குடுக்கும், ஆனா ஈரம் பட்டா உக்கும், கரையானும் விடாது. கார்த்திகை மழைக்குக் கண்ணாடித் தவாளிப்புக்குள்ள தண்ணி நிண்டா பாசியே பிடிச்சிடும். சட்டத்தை இங்கிலாந்தில இருந்து பவுண்ஸ் குடுத்துத்தான் எடுக்கிறம், 2022க்குப் பிறகு ரூபா கிடக்கிற கிடை உங்களுக்கே தெரியும், 2024 தையில இருந்து வற் வரியும் 18 வீதம். எங்கட மரவேலை செய்த ஓடாவித் தம்பியும் கட்டாருக்குப் போயிட்டார், நல்லா இருக்கட்டும், அவரைப் போல மூட்டுப் போட ஒருத்தரும் அம்பிடேல்லை.

அதாலதான் வர்ற மாசத்தில இருந்து அரைநாள் வாடகை 32,000 ரூபா (மழையெண்டா கார் வெளிக்கிடாது, முற்பணம் திரும்பாது, பில்லில போட்டிருக்கு).

முறிகண்டிப் பிள்ளையார் கோயிலடியில தேங்காய் உடைக்க நிப்பாட்டினா சனம் சுத்தி நிண்டு படமெடுக்கிறதும், சண்டைக் காலத்துப் பொருளாதாரத் தடைக்குள்ள கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி மண்ணெண்ணெயில மொறிஸ் ஓடின ஐயாமார் பொனற்றைத் திறக்கச் சொல்லி எஞ்சினைப் பார்த்து எங்களுக்கே பாடம் எடுக்கிறதும் இந்தத் தொழிலில எங்களுக்குக் கிடைச்ச பெரிய சந்தோசம். மூத்தவளின்ர கலியாணத்துக்கு எடுத்து, இளையவளுக்கும் எங்களிட்டையே வந்த குடும்பங்களுக்கு என்ன சொல்லி நன்றி சொல்றதெண்டு தெரியேல்லை.

ஆவணி முகூர்த்தங்களுக்கு இப்பவே கேக்கத் துடங்கிட்டினம். இருக்கிறது ஒரே ஒரு கார், அதால முந்திச் சொல்லி வையுங்கோ.